தடம் பார்த்தவர்கள்: வேட்டை, கூடாரம், தீவு

1

மாசி மாதம், சிவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கையில், பினாங்கில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் போன் பண்ணினான்.

'சித்தப்பா, லீவுல நாங்க நாலு பேரு ஒரு தீவுக்குப் போறோம். ஆளு நடமாட்டமே கெடையாது. மூணு நாளு கூடாரம் போட்டுத் தங்குறது, பன்னி வேட்டைக்குப் போறது. லைசென்ஸ் வச்சிருக்கிற சீனர் ஒருத்தரு துப்பாக்கியோட கூட வர்றாரு. நம்ம ஐயா காலத்துல பாரிவேட்டைக்குப் போவாங்கள்ல, என்னென்ன ஏற்பாடு பண்ணுவாங்க? சொல்லுங்க, எழுதிக்கிறேன்.'

அவன் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. கூடாரம், டார்ச் லைட், குடிதண்ணீர், கொசுவத்தி, அரிசி, படகுக்காரனுக்கு முன்பணம். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்துப் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. பினாங்கு, பன்றி வேட்டை, சிவகங்கைச் சீமைக்காரன் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்ததுதான் காரணம். இந்த மூன்றையும் இணைக்கிற ஒரு கதை எங்கள் ஊர்ப் பக்கம் இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கிடக்கிறது. அது வீரவரலாறாக மேடையில் சொல்லப்படுகிறது, சிலையாக நிற்கிறது, குருபூஜையாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் வேட்டையின் கதையாக அதை யாரும் வாசித்ததாக எனக்குப் படவில்லை. அப்படி வாசித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் எங்கள் ஊர் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குக் கிழக்கே, சிவகங்கை போகிற வழியில் உள்ள கண்மாய்ப் பாசன ஊர். சிவராத்திரிக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் அய்யனார் கோயில் திடலில் ஆட்கள் கூடுவார்கள். வேட்டைக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். உத்தரவு கிடைத்தால் தமுக்கடித்துச் சொல்லுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வல்லயம், வேல்கம்பு, தடி, வலை எல்லாம் பரணிலிருந்து இறங்கும். நாய்களை இரண்டு நாளுக்கு முன்பிருந்தே அரை வயிற்றில் வைப்பார்கள். யார் வலைப் பக்கம் நிற்பது, யார் காடு கலைப்பது, முதல் குத்து யாருடையது என்று தகராறு வந்தால் யார் சொல்வது முடிவு, இதெல்லாம் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். திட்டம் என்பது சாமான் பட்டியல் அல்ல, உறவுகளின் பட்டியல்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. தடம் பார்ப்பது. அப்பா அதில் கெட்டிக்காரர் என்று பெயர். விடியுமுன் கண்மாய்க் கரை வழியாகப் போவார். மண் கிண்டப்பட்டிருக்கும் விதம், சேற்றில் புரண்ட பள்ளம், மரத்தில் உரசிய சேற்றின் உயரம், குளம்புப் பதிவின் ஓரம் இடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, 'ஒத்தப் பன்னி. பெரிசு. ராத்திரி ரெண்டாஞ் சாமத்துல போயிருக்கு' என்பார். குட்டிகளின் தடமும் சேர்ந்திருந்தால் 'இது ஆகாது, தாயும் புள்ளையுமா இருக்கு' என்று வேறு பக்கம் காட்டுவார். இந்தக் கடைசி விதியை எல்லாரும் எல்லாக் காலத்திலும் மதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒரு விதி இருந்தது.

இத்தாலிய வரலாற்றாளர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் தடயங்கள் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில், கதை சொல்வது என்கிற காரியமே வேட்டைக்காரர்களிடம் தொடங்கியிருக்கலாம் என்று யோசிக்கிறார். கண்ணால் பார்க்காத ஒன்றை அது விட்டுப்போன அடையாளங்களைக் கொண்டு, 'இப்படி நடந்திருக்கிறது' என்று வரிசைப்படுத்திச் சொல்ல முதலில் கற்றவன் வேட்டைக்காரன் என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் 'போயிருக்கு' என்ற வினைமுற்றுதான் ஞாபகம் வந்தது. வரலாற்று எழுத்தின் வினைமுற்றும் அதுதானே?

3

இனி ஒரு தடம். ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கம்பெனிப் படை அதிகாரி 1795இல் இளம் வயதில் மதுரையில் பணியில் இருந்தவர். முதுமையில் தன் நினைவுகளை இரண்டு தொகுதிகளாக எழுதி 1830இல் லண்டனில் வெளியிட்டார். மருது சகோதரர்கள் பற்றிப் பேசுகிற எவரும் தொடாமல் போக முடியாத பிரதி அது.

அதில் பெரிய மருது நமக்கு எப்படி அறிமுகமாகிறார்? அரசனாக அல்ல, வேட்டைக்காரனாக. சீமை நிர்வாகத்தைத் தம்பி சின்ன மருதுவிடம் விட்டுவிட்டு, காடே கதி என்று திரிகிற ஆஜானுபாகுவான மனிதர். ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைத்துவிடுவார் என்று பேச்சு. மதுரை, திருச்சி, தஞ்சாவூரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வேட்டைக்குப் போக ஆசை வந்தால் அவருக்கு ஆள் அனுப்பினால் போதும். மிருகம் நிறைந்த இடத்துக்கு அவரே கூட்டிப் போவார். விருந்தாளிகளைச் சுற்றி வல்லயக்காரர்களை நிறுத்துவார். புலி வந்தால் தானே முன்னால் போய் அதை எதிர்கொள்வார். பன்றி, மான், மயில், கவுதாரி என்று மற்றவற்றையெல்லாம் காடு கலைத்து, விருந்தாளியின் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்வார். இது வெல்ஷ் தரும் சித்திரத்தின் சாரம்.

மதுரைச் சமவெளியில் பன்றி வேட்டைக்கும் கூடாரவாசத்துக்குமான 'பயணத் திட்டம்' ஒன்று எழுத்தில் பதிவான இடமாக இதைக் கொள்ளலாம். கவனித்தால் அதில் வேலை முழுவதும் ஒரு பக்கம், சுடுவது மட்டும் இன்னொரு பக்கம். வழி, தடம், காவல், ஆபத்து, ஆள்கட்டு எல்லாம் விருந்து கொடுப்பவருடையது. குண்டும் பெருமையும் விருந்தாளிக்கு.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அதே காலத்து இங்கிலாந்தில் வேட்டை எல்லாருக்கும் உரியதல்ல. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தருகிற நிலம் உள்ளவனே வேட்டை மிருகத்தைத் தொடலாம் என்று 1671இல் வந்த சட்டம் 1831 வரை நடப்பில் இருந்தது. அரசனின் காட்டில் முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடியவர்களைத் தூக்கில் போட 1723இல் கொண்டுவரப்பட்ட கறுப்புச் சட்டத்தைப் பற்றி ஈ.பி. தாம்சன் 1975இல் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆக, கப்பலேறி வந்த ஒரு சாதாரண லெப்டினன்டுக்குச் சொந்த ஊரில் கிடைத்திராத பிரபுத்துவச் சுகம் சிவகங்கைக் காட்டில் சும்மா கிடைத்தது. தன் ஊரில் யாருக்குக் கீழே இருந்தானோ, அவனாக இங்கே அவன் மாறிக்கொள்ள முடிந்தது. அதற்கான மேடையை அமைத்துக் கொடுத்தது நம்முடைய விருந்தோம்பல்.

சின்ன மருதுவிடம் வெல்ஷ் பெற்றது வேறு. வல்லயம் எறியவும் வளரி வீசவும் அவரிடம்தான் முதலில் கற்றதாக எழுதுகிறார். 'கள்ளர் தடி' என்று கம்பெனிக்காரர்கள் குறிப்பிட்ட அந்த வளைந்த எறிதடியைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றில் கணிசமான பகுதி இந்த மாணவன் எழுதிவைத்ததுதான். ஆயுதத்தைக் கற்றுக்கொடுப்பது என்பது நம் வழக்கில் உறவு கொண்டாடுவது. மாணவனும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டான், ஆறு வருஷத்துக்கு.

4

1801இல் எல்லாம் தலைகீழானது. ஜூன் 16இல் திருச்சிக் கோட்டையிலும் சீரங்கத்திலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. அது ஜம்புத்தீவின் மக்களை விளித்துப் பேசியது. நாடு என்றால் பாளையம் என்று மட்டுமே இருந்த காலத்தில் ஒருவர் 'தீவு' என்ற பழைய புராணச் சொல்லை எடுத்து, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் வாழும் ஒரு பெரிய நிலத்தை அதற்குள் வைத்துப் பேசுகிறார். நாவலந்தீவு என்பது நம் கற்பனையில் எப்போதுமே ஒதுங்கிய இடமல்ல. அது உலகத்தின் நடு. இந்தச் சொல்லை மனதில் வையுங்கள், திரும்ப வரும்.

ஜூலை முடிவில் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. கர்னல் அக்னியூவின் படை சிறுவயலில் கூடாரமடித்தது. சின்ன மருது வீற்றிருந்து வருவோர் போவோரை வரவேற்ற சிறுவயல்தான் அது. அங்கிருந்து காளையார்கோவில் அதிக தூரமில்லை. நடுவில் காடு. ஆகஸ்டு மாதம் முழுக்க மரம் வெட்டிகளை வைத்துப் பாதை போட்டுப் பார்த்தார்கள். பகலில் வெட்டிய பாதையில் எதிர்ப்பு, பாசறையில் நோய். கடைசியில் வெட்டியதை விட்டுவிட்டு ஒக்கூர்ப் பக்கம் பின்வாங்கினார்கள்.

இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வருஷக்கணக்கில் இந்தப் பக்கத்துக் காடுகளுக்கு வேட்டையாடப் போய்வந்தவர்கள் அவர்கள். ஆனால் காட்டுக்குள் போக அவர்களுக்கு வழி தெரியவில்லை! ஏனென்றால் அவர்கள் காட்டைப் பார்த்ததே இல்லை. துப்பாக்கிக்கு முன்னால் கலைத்துவிடப்பட்ட மிருகத்தை மட்டுமே பார்த்திருந்தார்கள். அழைத்துப் போகிறவர் இல்லையென்றால் காடு வெறும் மரம். மரமென்றால் வெட்ட வேண்டியதுதானே? கம்பெனியின் காட்டுக் கொள்கை ஏதோ ஒரு மேஜையில் தொடங்கியதாக நாம் படிக்கிறோம். அதன் ஒரு வேர் சிறுவயலுக்கும் காளையார்கோவிலுக்கும் இடையே வெட்டிக் கைவிடப்பட்ட அந்தப் பாதையில் இருக்கிறது என்பேன்.

பிறகு வெட்டுவதை விட்டுப் பிளந்தார்கள். படமாத்தூர் கௌரிவல்லபரைச் சோழபுரத்தில் வைத்துச் சிவகங்கைக்கு உரியவர் என்று பட்டம் கட்டினார்கள். மருதுகளின் ஆட்கள் கரைந்தார்கள். அக்டோபர் 1இல் காளையார்கோவில் விழுந்தது. அதற்குப் பின் நடந்ததை வெல்ஷ் சொல்லும்போது அவருடைய மொழியே மாறிவிடுகிறது. தனக்கு ஆயுதம் கற்றுத்தந்த நண்பனை, காட்டு மிருகத்தைத் துரத்துவதுபோலத் துரத்த நேர்ந்ததே என்று வருந்துகிறார். தொடையில் காயம்பட்டு, சாதாரணச் சேவகர்கள் கையில் பிடிபட்ட சின்ன மருதுவைப் பார்க்கிறார். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

வருத்தம் நிஜமானது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த உவமை தற்செயலானதல்ல. வேட்டையின் மொழி அவருக்கு அங்கேதான், அந்த மனிதர்களிடமிருந்துதான் கிடைத்தது. அதே மொழியைக் கொண்டே அவர்களின் முடிவையும் எழுதுகிறார். கூடாரம் அதேதான். உள்ளே இருக்கிறவனும் அதே ஆள்தான். துப்பாக்கிக்கு முன்னால் யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

5

தூக்குக்குத் தப்பியவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி ஒருவன். வயது ஏறத்தாழப் பதினைந்து. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு அவனைத் தூத்துக்குடியில் கப்பலேற்றினார்கள். கப்பலின் பெயர் அட்மிரல் நெல்சன். போன இடம், அன்றைக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று கம்பெனி பெயர் சூட்டியிருந்த பினாங்கு. கம்பெனி அங்கே கொடியேற்றியது 1786இல்தான். ஊர் முளைத்துப் பதினாறு வருஷம்.

1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போகிறார். தளர்ந்துபோன ஒரு கிழவர் அவரைப் பார்க்க வந்து நிற்கிறார். யார் என்று தெரியவில்லை. பெயரைக் கேட்ட பிறகுதான் நெஞ்சில் கத்தி இறங்கியதுபோல உணர்ந்ததாக வெல்ஷ் எழுதுகிறார். துரைசாமி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1801இல் பதினைந்து என்றால் 1818இல் முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு வயதுக் கிழவர்! பதினாறு வருஷத் தீவுவாசத்தை எந்த ஆவணமும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. ஜம்புத்தீவு என்று தகப்பன் எழுதியது உலகத்தின் நடுவை. மகனுக்குக் கிடைத்த தீவு உலகத்தின் விளிம்பு. தீவு என்ற சொல்லின் அர்த்தத்தை நம் மொழியில் கம்பெனி மாற்றி எழுதியது இப்படித்தான். பிறகு அந்தமான் வந்தது, 'தீவாந்தர சிட்சை' என்ற சொல்லும் பேச்சுவழக்கில் நிலைத்தது. இன்றைக்கு ஆளில்லாத தீவுக்குப் பணம் கட்டி ஓய்வுக்குப் போகிறவனுக்கு, தனிமை ஒரு காலத்தில் தண்டனையாக விதிக்கப்பட்டது என்பது தெரிய நியாயமில்லை.

6

மதுரையில் புதுமண்டபத்துக்குப் போனால் ஒரு தூணில் விசித்திரமான சிற்பத்தைப் பார்க்கலாம். பன்றி முகத்தோடு ஓர் உருவம், மார்பில் பன்றிக் குட்டிகள். ரொம்ப நாள் அங்கே தையல் மிஷின் சத்தத்துக்கும் புத்தகக் கடைகளுக்கும் நடுவே அது நின்றது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம் அது. வைகைத் தென்கரையில் குருவிருந்ததுறையில் வாழ்ந்த சுகலன் என்பவனின் பன்னிரண்டு பிள்ளைகள் சாபத்தால் பன்றிக் குட்டிகளாகப் பிறக்கிறார்கள். இராசராச பாண்டியன் வேட்டைக்கு வருகிறான். ஆண்பன்றி எதிர்த்து நின்று போரிட்டுச் சாகிறது. பெண்பன்றியும் சாகிறது. குட்டிகள் பசியில் கதறுகின்றன. சோமசுந்தரர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அடுத்த படலத்தில் அவற்றுக்குப் பன்றி முகமும் மனித உடலும் தந்து, எந்தப் பாண்டியன் வேட்டையாடினானோ அவனிடமே மந்திரிகளாக்குகிறார்.

பக்தியாக இதைப் படிப்பவர்கள் கருணை என்பார்கள். நான் இதை வேட்டை பற்றிய ஓர் அரசியல் பிரதியாகவும் வாசிக்கிறேன். வேட்டையாடுகிற ராஜ்யம் தான் கொன்றதன் பிள்ளைகளுக்கு ஒரு கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடன் பாலோடு தீராது, அரசவையில் இடம் கொடுத்தால்தான் தீரும். மதுரை தன் மனசாட்சியை ஒரு தூணில் செதுக்கி நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறது. இதையும் 1802ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புராணத்தில் வேட்டையாடப்பட்டதன் குட்டிகள் மந்திரிகள். வரலாற்றில் வேட்டையாடப்பட்டவனின் குட்டி தீவுக்கு.

7

1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடமிருந்த துப்பாக்கி, வல்லயம் போன்றவற்றைப் பறிக்கவும் உத்தரவிட்டது. ஊர்க்காரனுக்கு அது போர்க்கருவி மட்டுமல்ல, பாரிவேட்டைக் கருவியும் அதுதான். பிறகு வந்த சட்டங்களை வரிசையாகச் சொன்னால் போதும்: 1878 ஆயுதச் சட்டம், 1882 சென்னை வனச் சட்டம். இந்த வரிசையின் முடிவில் துரை சுட்டால் அது 'ஷிகார்', ஊர்க்காரன் குத்தினால் அது களவு. கலெக்டரின் கூடாரம் 'கேம்ப்' ஆயிற்று. இன்றைக்கும் எங்கள் ஊர் ஆபீஸ்களில் 'ஐயா கேம்ப்ல இருக்காரு' என்றால் அதிகாரம் ஊர் சுற்றப் போயிருக்கிறது என்று அர்த்தம். வளரி மியூசியத்துக்குப் போயிற்று. சென்னை அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் இருப்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் குறித்திருக்கிறார்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இலிருந்து மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்கள் ஊர் ஊராகப் பதிவு செய்யப்பட்டார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. கைநாட்டு வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947இல்.

கின்ஸ்பர்க்கின் கட்டுரை தடத்தில் தொடங்கிக் கைரேகையில் போய் முடிவதைப் பிறகுதான் கவனித்தேன். வங்காளத்தில் ஹூக்ளியில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, அங்கத்து மக்களிடம் இருந்த கைநாட்டு வழக்கத்தைப் பார்த்து எடுத்து, ஆளை அடையாளம் காணும் அரசுக் கருவியாக மாற்றிய கதையை அவர் சொல்கிறார். இதை மதுரையில் நின்று வாசித்தால் வேறொரு வெளிச்சம் விழுகிறது. ராத்திரிக் காவல் பார்த்து, களவு போன மாட்டைத் தடம் பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களின் வம்சம் அது. தடம் பார்த்தவனின் விரலைப் பிடித்து, மையில் தோய்த்து, அவன் தடத்தை எடுத்துக்கொண்டார்கள். அறிவு இடம் மாறுகிறபோது அதிகாரமும் இடம் மாறுகிறது என்று ஃபூக்கோ வழியில் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே மை பட்ட விரல்கள் இருக்கின்றன, குண்டு பட்ட உடல்கள் இருக்கின்றன.

8

இவ்வளவு சொன்ன பிறகு எங்கள் பாரிவேட்டையைப் பொற்காலமாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அதற்கு நான் தயாராக இல்லை. மருதுகளும் ஆண்டவர்கள்தாம். துப்பாக்கிக்கு முன்னால் மிருகத்தைக் கலைத்துவிட்ட அந்த ஆட்களுக்கு வெல்ஷின் பிரதியில் பெயர் இல்லை. மருதுவிடம் கேட்டிருந்தால் அவருக்கு எத்தனை பேரின் பெயர் தெரிந்திருக்கும்? எங்கள் ஊரிலும் காடு கலைக்கப் பறையடித்து முள்ளுக்குள் முதலில் இறங்கியவர்கள் சேரி ஆட்கள். பங்கு வைக்கும்போது கோயிலுக்கு ஒரு பங்கு, முதல் குத்துக்காரனுக்கு ஒரு பங்கு, நாய்க்குக்கூட ஒரு பங்கு. பறையடித்தவர்களுக்கு எல்லாருக்கும் கடைசியில், தள்ளி நின்று வாங்கிக்கொள்கிற பங்கு. சின்ன வயதில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு அப்போது வித்தியாசமாகவே தெரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உறவுகளின் பட்டியல் என்று மேலே பெருமையாகச் சொன்னேன். அந்தப் பட்டியலிலும் வரிசை உண்டு.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் லைசென்ஸ் வேட்டைக்குக் கொஞ்சம் இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. மூன்றாம் அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி 2022 திருத்தத்தில் இரண்டாம் அட்டவணைக்குப் போனது. இப்போது சிவராத்திரி வந்தால் வனத்துறை ரோந்து வருகிறது, பாரிவேட்டைக்குப் போனால் வழக்கு என்று அறிவிக்கிறது. முயலும் மயிலும் மிஞ்ச வேண்டும் என்றால் அது வேண்டியதுதான். அதை எதிர்த்து எழுத எனக்கு மனம் இல்லை.

ஆனால் பன்றி ஊருக்குள் வந்துவிட்டது. நீர் வராத கண்மாய்களில் சீமைக் கருவேலம் அடைத்து நிற்கிறது. பகலில் அதற்குள் படுத்து, ராத்திரி நிலக்கடலையையும் நெல்லையும் உழுதுவிட்டுப் போகிறது. விவசாயி திருட்டு மின்வேலி போடுகிறான், பன்றியோடு மனுசனும் செத்துப்போகிறான். அவுட்டுக்காய் வைக்கிறான், பசு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். ஆக, சமவெளியில் மறுபடி பன்றி வேட்டை வந்திருக்கிறது, சீருடை போட்டுக்கொண்டு. அந்த ஆட்களுக்குத் தடம் காட்டப்போவது யார்? எங்கள் ஊரில் குளம்புப் பதிவைப் பார்த்து நேரம் சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு இரண்டு பேர். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. சட்டம் தடுத்தது கொலையை. அதோடு சேர்ந்து போனது ஓர் எழுத்தறிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு ஒரு வழி தெரியவில்லை.

மறுநாள் நானே அவனுக்குப் போன் பண்ணினேன். துரைசாமி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

'இங்கயா சித்தப்பா? இந்தத் தீவுலயா?'

'அங்கதான்டா.'

'அப்ப வேட்டைக்குப் போக வேணாங்கிறீங்களா?'

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அங்கே சட்டம் அனுமதிக்கிறது, அவன் வயது அது. இரண்டு விஷயம் மட்டும் அவன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். குட்டித் தடம் தெரிஞ்சா திரும்பிடணும். இன்னொன்று, உங்களுக்கு முன்னால நடந்து வழி காட்டுறவன் யாரோ, அவன் பேர் என்ன, எந்த ஊரு, அவன் பங்கு என்னன்னு கேட்டு அந்த நோட்டுலயே எழுதி வை.

'படகுக்காரரோட அண்ணன்னு சொன்னாங்க சித்தப்பா. பேரு தெரியல.'

'அதத்தான் சொல்றேன். மொத அதக் கேளு.'